திரு.வி.க. வாழ்க்கைக் குறிப்புகள் வாங்கினேன், கோர்ட் கேஸ் வர்ற 16 பக்கம் மட்டும் காணோம்

மொதல்லயே சொல்லிடறேன், புத்தகத்துக்கு 5 ஸ்டார், நான் வாங்கின பதிப்புக்கு 2 ஸ்டார். அந்த ரெண்டாவது ஸ்டாரும் கடைல போன் எடுத்த தம்பிக்காக, பதிப்பகத்துக்கு இல்ல.

நான் ஒரு சின்ன பத்திரிகைல ப்ரூஃப் பாக்கறவன். நாள் பூரா அடுத்தவங்க எழுத்துல ஒற்று இருக்கா இல்லையானு தேடி தேடி கண்ணு பூத்துப் போனவன். எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ற பசங்க கிட்டல்லாம் எங்க எடிட்டர் "திரு.வி.க. படிச்சிருக்கியா"னு ஒரு கேள்வி கேப்பார், அவங்க முழிப்பாங்க, நானும் 12 வருஷமா உள்ளுக்குள்ள முழிச்சிட்டுதான் இருந்தேன், வெளிய காட்டிக்கல அவ்ளோதான். திரு.வி.க. நகர் தெரியும், திரு.வி.க. பாலம் தெரியும், ஆள தெரியாது. பத்திரிகை ஆசிரியர், தொழிற்சங்கத் தலைவர், தமிழறிஞர், அவரே எழுதின தன் வரலாறுதான் இந்த வாழ்க்கைக் குறிப்புகள். சரி இந்த தடவ படிச்சே தீரணும்னு ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். அவர் நூல் எல்லாம் நாட்டுடைமை ஆயிடுச்சு, அதனால யார் வேணா அச்சடிக்கலாம், அதனால ஏகப்பட்ட பதிப்பு கெடைக்குது, அதனாலதான் எனக்கு இந்த கதியும் வந்துது. எந்த பதிப்பகம்னு சொல்லப் போறதில்ல. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்னு சொல்றேன்.

பார்சல் பிரிச்சதும் பின் அட்டையப் பாத்தேன். "திரு. வி. க. அவர்கள்"னு போட்டிருக்கு, திரு-வுக்கு அப்புறம் புள்ளி, அப்புறம் ஒரு நல்ல அகலமான இடைவெளி. அப்பவே எனக்கு லேசா வயித்த கலக்குச்சு. ஏன்னா அந்த திரு, திருவாளர் திரு இல்லங்க. திருவாரூர். அவங்க முன்னோர் ஊர் அது. திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரம், அதான் திரு.வி.க. நம்ம ஆளுங்க பாதி பேர் அத மரியாதைனு நெனச்சு "திரு. வி.க."னு பிரிச்சு எழுதுவாங்க, அதுக்கு மேல ஒரு மரியாதை சேர்த்து "திரு. திரு. வி.க."னு கூட ஒரு அழைப்பிதழ்ல பாத்திருக்கேன், திருதிருனு முழிக்கிற மாதிரி இருந்துது. அட்டைலயே இப்படின்னா உள்ள எப்படி இருக்கும்?

உள்ள எப்படி இருந்துதுன்னா, 1944-ல வந்த பழைய புத்தகத்த ஸ்கேன் பண்ணி ஓசிஆர்ல (படத்துலேர்ந்து எழுத்த வாசிச்சு எடுக்கற மென்பொருள்) போட்டு, வந்த எழுத்த அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்காங்க. இந்த வேலைல இருக்கறவங்களுக்கு ஒரு பக்கம் பாத்தாலே தெரிஞ்சிடும். துணைக்காலும் ர-வும் ஓசிஆருக்கு ஒண்ணுதான், அதனால "காலம்" எல்லாம் "கரலம்" ஆயிருக்கு, "பாடம்" "பரடம்" ஆயிருக்கு. அதுக்கும் மேல 1944-ன்னா எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி. 1978 வரைக்கும் லை, னை, ணை எல்லாம் யானை தும்பிக்க தூக்கின மாதிரி மேல ஒரு கொக்கி போட்டுதான் அச்சாகும், றா னா ணா எல்லாம் கீழ சுழிஞ்சு வேற மாதிரி இருக்கும். இந்த மெஷினுக்கு அதெல்லாம் என்ன தெரியும், கண்டபடி வாசிச்சு வச்சிருக்கு. சில வரிய நான் வாய்விட்டு படிச்சுப் பாத்துதான் என்ன சொல்ல வர்றார்னே புரிஞ்சுது. உச்சகட்டம் என்னன்னா அவர் வெஸ்லி ஸ்கூல்ல சேர்ந்த வருஷம் 1849-னு அச்சாயிருக்கு. மனுஷன் பொறந்ததே 1883, ஆகஸ்ட் 26. பொறக்கறதுக்கு 34 வருஷம் முன்னாடியே ஸ்கூல்ல சேர்ந்துட்டார் போல! சரியான வருஷம் 1894. பென்சிலால திருத்தி வச்சிட்டேன், கை சும்மா இருக்காதே.

இவ்ளோ திட்டிட்டு ஏன் 5 ஸ்டார்னு கேக்கலாம். அந்த இளமைக்கால பகுதிக்காகத்தான். மொத்த புத்தகம் தலையணை சைஸ், அரசியல், தொழிற்சங்கம், மாநாடு, சமயம்னு போய்ட்டே இருக்கும், உண்மையச் சொன்னா பின்னாடி சில இடத்துல எனக்கு தூக்கமே வந்துது. பேர் பேரா வருது, கூட்டம் கூட்டமா வருது. ஆனா படிப்பப் பத்தின பகுதி இருக்கே, அத நான் ரெண்டு தடவ படிச்சேன்.

அப்பத்த செங்கல்பட்டு மாவட்டத்துல துள்ளம்னு ஒரு கிராமத்துல பொறந்தார், இப்ப தண்டலம்ங்கறாங்க. அப்பா விருத்தாசல முதலியார்தான் மொத வாத்தியார். அப்புறம் குடும்பம் சென்னைக்கு வந்து ராயப்பேட்டைல தங்குது. அங்க ஆரம்பப் பள்ளிக்கூடம், 1894-ல வெஸ்லி ஸ்கூல். நல்லா போய்ட்டிருக்கற நேரத்துல உடம்பு படுத்துது, கைகால் முடங்கிப் போச்சு, படிப்பு நின்னுது. திரும்ப ஸ்கூலுக்குப் போறது 1898-ல. கணக்குப் போட்டா பதினோரு வயசுலேர்ந்து பதினஞ்சு வயசு வரைக்கும், கூட படிச்ச பசங்க எல்லாம் மேல போயிட்டாங்க, இவர் திண்ணைல. இப்ப ஒரு பையன் ஒரு வருஷம் கேப் விட்டாலே சொந்தக்காரங்க எல்லாம் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரிக்கறாங்க. இவர் நாலு வருஷம் கழிச்சுப் போய் நாலாம் பாரம் நல்லபடியா பாஸ் பண்றார். பாரம்னா அப்பத்த கணக்குக்கு ஃபாரம், அதாவது வகுப்பு, ஆறாம் பாரம் வரைக்கும் போய் மெட்ரிகுலேஷன் எழுதணும்.

அந்த வெஸ்லி ஸ்கூல்லதான் யாழ்ப்பாணத்துக்காரர் நா.கதிரைவேற் பிள்ளை தமிழ் வாத்தியார். சாதாரண ஆள் இல்ல. சதாவதானி, ஒரே நேரத்துல நூறு விஷயத்துல கவனம் வச்சு பதில் சொல்ற வித்தை தெரிஞ்சவர். பெரிய அகராதி போட்டவர். மேடைல ஏறினா எதிராளிய விடாம வெளுக்கறவர். திரு.வி.க.வுக்கு இவர் மேல பைத்தியம். வகுப்பு முடிஞ்சும் விடல, அவர்கிட்டயே தனியா நூல் பாடம் கேட்டு, செய்யுள் கட்டப் பழகி, கூட்டத்துக்கெல்லாம் பின்னாடியே போயிருக்கார். இந்த இடத்துல அவர் நடை அப்படியே மாறுது, அதுவரைக்கும் நிதானமா யான், யான்னு சின்னச் சின்ன வாக்கியமா போய்ட்டிருந்த மனுஷன் வாத்தியாரப் பத்திப் பேச ஆரம்பிச்சதும் சூடாயிடறார். அறுபது வயசு தாண்டினவர் எழுதறதுனு தோணல, ஸ்கூல் பையன் வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்ற மாதிரி இருக்கு.

அப்பத்தான் அருட்பா மருட்பா சண்டை. தெரியாதவங்களுக்கு சுருக்கமா: வள்ளலார் பாட்டுக்கு திருவருட்பானு பேர் வச்சாங்க, அது தேவாரம் திருவாசகத்துக்குத்தான் சொல்லணும், இது அருட்பா இல்ல மருட்பா (மயக்கத்துல வந்த பாட்டு)னு யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் எதிர்த்தார். அவர் காலத்தோட முடியல. ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழிச்சு சென்னைல மறுபடி தீ பத்துது. நாவலர் கட்சிக்கு கதிரைவேலர், வள்ளலார் கட்சிக்கு மறைமலையடிகள், செய்குத்தம்பிப் பாவலர். ஒரு முஸ்லிம் புலவர் வள்ளலாருக்காக சைவர் ஒருத்தர எதிர்த்து மேடை ஏறி வாதாடறார், அந்தக் காலம் அப்படி. பேச்சு முத்திப் போய் கதிரைவேலர் மேல கேஸ் போட்டாங்க, 1904.

இங்க வந்து, மார்ஜின்ல பென்சில வச்சிட்டு அடுத்த பக்கம் திருப்பறேன். 160-க்கு அப்புறம் 145. மறுபடி 146, 147. பழக்கமான வரியா இருக்கேனு பாத்தா அதே 16 பக்கம் ரெண்டாவது தடவ. அது முடிஞ்சதும் நேரா 177. அதாவது 161-லேர்ந்து 176 வரைக்கும் உள்ள ஃபாரத்துக்கு (அச்சுல ஒரே தாள்ல வர்ற 16 பக்கக் கட்டு) பதிலா முந்தின ஃபாரத்தையே இன்னொரு தடவ எடுத்து வச்சு பைண்ட் பண்ணிட்டாங்க. அச்சுத் தொழில் தெரிஞ்சவங்களுக்கு இது புதுசு இல்ல, பெரிய தாள்ல 16 பக்கமா அடிச்சு மடிச்சு அடுக்கி வரிசையா எடுக்கும்போது கை மாறிடும், அதுக்குத்தான் ஒருத்தர் உக்காந்து சரி பாக்கணும், அந்த ஒருத்தர் அன்னைக்கு டீ குடிக்கப் போயிருப்பார். ஆனா மொத்த புத்தகத்துல எத்தனையோ ஃபாரம் இருக்கு, மாநாட்டு வரவேற்புரை வர்ற ஃபாரம் போயிருந்தா நான் கவனிச்சிருக்கவே மாட்டேன், போகணுமா இது?

கடைக்கு போன் போட்டேன்.

"தம்பி, புத்தகத்துல 16 பக்கம் இல்லப்பா."

"ஆர்டர் நம்பர் சொல்லுங்க சார்... சார், ரிட்டர்ன் டேட் முடிஞ்சிடுச்சே, 7 நாள்தான் சார்."

"ஏம்பா, தலையணை மாதிரி இருக்கு, இத 7 நாள்ல எவன் படிப்பான்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "அதுவும் சரிதான் சார்"னான். அந்த இடத்துலயே எனக்கு அவன பிடிச்சுப் போச்சு. வேற பிரதி அனுப்பறேன்னான், அஞ்சாவது நாள் வந்துது. பிரிச்சு நேரா 160-க்குப் போனேன். அடுத்தது 145. மொத்த லாட்டும் அப்படித்தான். திருப்பி போன் போட்டா அவனே "ஆமா சார், நானும் இங்க மூணு பிரதி எடுத்துப் பாத்துட்டேன், எல்லாம் அப்படியேதான் இருக்கு"னு வருத்தமா சொல்றான், அவன்கிட்ட போய் என்னத்த கோவப்படறது.

பொறுமை இல்லாம நெட்ல தேடினேன். நாட்டுடைமை ஆனதால தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்நூலகத்துல அவர் நூல்கள் இலவசமாவே கெடைக்குது. பழைய பதிப்போட ஸ்கேன இறக்கி போன் ஸ்கிரீன்ல பெருசு பண்ணி பெருசு பண்ணி படிச்சேன். அந்த கொக்கி போட்ட லை எல்லாம் அசல்ல பாக்க அவ்ளோ அழகு.

விஷயம் என்னன்னா, கேஸ்ல கதிரைவேலர் பக்கம் சாட்சி சொல்ல ஆள் வேணும். திரு.வி.க. சாட்சி. அதே சமயம் மெட்ரிகுலேஷன் பரீட்ச. இவர் கோர்ட்டுக்குப் போனார். பரீட்ச எழுத முடியல. அவ்ளோதான், ஸ்கூல் படிப்பு அதோட சரி, அப்புறம் எழுதவும் இல்ல. நாலு வருஷம் கைகால் முடங்கிக் கெடந்து எழுந்து வந்து, இருபத்தோரு வயசு ஆகப் போற நேரத்துல, கைக்கெட்டின பரீட்சைய வாத்தியாருக்காக விட்டுட்டார். கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு, வாத்தியார் ஜெயிச்சார். அந்த வாத்தியாரும் 1907-ல நீலகிரிப் பக்கம் போன இடத்துல செத்துப் போயிடறார். அப்புறம் மயிலை தணிகாசல முதலியார்கிட்ட போய் தமிழும் சைவ சாத்திரமும் விட்ட இடத்துலேர்ந்து படிக்கிறார்.

என் வீட்ல இத சொன்னேன். என் பொண்டாட்டி ஸ்கூல் டீச்சர், "பரீட்ச முடிச்சிட்டு வான்னு அந்த வாத்தியார் சொல்லியிருக்க வேணாமா"னு ஒரே கேள்வில முடிச்சிட்டா. எனக்கு பதில் தெரியல. அந்த பக்கத்த மறுபடி திறந்து அந்தக் கண்ணோட படிச்சுப் பாத்தேன். திரு.வி.க.கிட்ட அப்படி ஒரு குறை இருக்கறதா எனக்குத் தெரியல. இதுல இன்னொரு வேடிக்கை, மருட்பானு சொன்னவர் பக்கம் சாட்சிக்கூண்டுல ஏறின இதே ஆள்தான் பின்னாடி ராமலிங்க சுவாமிகள (வள்ளலாரத்தான்) கொண்டாடி தனிப் புத்தகமே எழுதினார். எதிர்க்கட்சில நின்ன மறைமலையடிகளோட நெருக்கமா பழகினார். ஆனா வாத்தியாரையும் கடைசி வரைக்கும் விட்டுக்கொடுக்கல. ரெண்டையும் ஒரே மனுஷன் எப்படி வச்சுக்கிட்டார்ங்கறதுதான் எனக்கு இந்த புத்தகத்துலயே பெரிய ஆச்சரியம்.

அப்புறம் வேலைக்குப் போற கதை. 1906-ல மவுண்ட் ரோடு ஸ்பென்சர் கம்பெனில கணக்கு எழுதற வேலை. வெள்ளக்கார கம்பெனி, நல்ல வேலைதான். ஆனா அது சுதேசி இயக்கம் கொதிச்ச காலம், திலகர்னு பேர் கேட்டாலே இளைஞர்களுக்கு ரத்தம் சூடாகிற நேரம், இவர் அங்க நிலைக்கல. 1909-லேர்ந்து ஆயிரம் விளக்கு வெஸ்லியன் ஸ்கூல்ல வாத்தியார். அங்கேர்ந்து ராயப்பேட்டை வெஸ்லி காலேஜ்ல தலைமைத் தமிழ் ஆசிரியர். யோசிச்சுப் பாருங்க, அதே வெஸ்லி பேர்ல உள்ள இடம், மெட்ரிகுலேஷன் எழுதாத ஆள், காலேஜ் பசங்களுக்கு தமிழ் வாத்தியார். இன்னைக்கு ஹெச்ஆர்னு ஒருத்தர் இருந்திருந்தா அப்ளிகேஷன மொத பக்கத்துலயே ஓரமா வச்சிருப்பார்.

1917 டிசம்பர்ல அந்த வேலையையும் விட்டுட்டு தேசபக்தன் பத்திரிகைக்கு ஆசிரியரா வந்து உக்காந்தார். ரெண்டரை வருஷம். அவர் விலகினதும் அந்த நாற்காலிக்கு வ.வே.சு.ஐயர் வர்றார். இவர் 1920 அக்டோபர்ல நவசக்தி பத்திரிகைய ஆரம்பிச்சார். நடுவுல 1918 ஏப்ரல் 27, சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கறாங்க, பி.பி.வாடியா தலைவர், இவரும் முன்னாடி நிக்கிறார். அதே வருஷம் செப்டம்பர்ல மனைவி கமலாம்பிகை போயிட்டாங்க, அதுக்கு முன்னாடியே ரெண்டு குழந்தைகளும் போச்சு. கல்யாணம் ஆனது 1912, மொத்தமே ஆறு வருஷ வாழ்க்கை. அத அவர் எழுதியிருக்கற இடம் எனக்கு படிக்க முடியல, மூடி வச்சிட்டேன், அத இங்க விவரிக்கப் போறதும் இல்ல.

தொழில் சம்பந்தமா எனக்கு பிடிச்சது வேற. ப்ரூஃப் பாக்கறவன் கண்ணோட பாத்தா, அந்த சின்ன வாக்கியம் எங்கேர்ந்து வந்துதுன்னு இந்த இளமைப் பகுதி படிச்சா ஓரளவு புரியுது. அப்ப அரசியல்னு வந்துட்டா மேடைல இங்கிலீஷ், பத்திரிகைல பாதி வடமொழி பாதி இங்கிலீஷ் கலந்த ஒரு மொழி. இவர் ஆலைத் தொழிலாளிகிட்டயும் பேசணும், புலவர்கிட்டயும் பேசணும், ஸ்கூல் பசங்ககிட்ட பேசிப் பேசி பழகின வாய். எழுவாய், பயனிலை, முற்றுப்புள்ளி. அடுத்த வாக்கியம். நான் திருத்தற கட்டுரைகள்ல ஒரு வாக்கியம் ஒரு பத்தி முழுக்க ஓடும் (நான் எழுதறதும் அப்படித்தான், சிரிக்காதீங்க). தமிழ்ப் பத்திரிகைக்காரங்கள்ல வாத்தியார் வேலைலேர்ந்து வந்தவங்க நெறைய. சுதேசமித்திரன் தொடங்கின ஜி.சுப்பிரமணிய ஐயர் வாத்தியார். பாரதியார் 1904-ல மதுரை சேதுபதி ஸ்கூல்ல கொஞ்ச மாசம் தமிழ் வாத்தியார், அங்கேர்ந்துதான் நேரா சுதேசமித்திரன். நவசக்தில இவர்கிட்ட 1923-ல வந்து சேர்ந்த ஒரு இளைஞர் இருக்கார், திருச்சில ஸ்கூல் படிச்சிட்டிருக்கும்போது காந்தி கூப்பிட்டார்னு பரீட்சைக்கு முன்னாடி படிப்ப விட்டுட்டு ஜெயிலுக்குப் போனவர். கல்கி கிருஷ்ணமூர்த்தி. மெட்ரிகுலேஷன் எழுதாத ஆசிரியர்கிட்ட ஸ்கூல் முடிக்காத உதவி ஆசிரியர்! அந்த ஆபீஸ்ல யார் யாருக்கு சர்ட்டிபிகேட் கேட்டிருக்க முடியும்.

சரி, வாங்கறவங்களுக்கு. கடைல நேர்ல போய் வாங்குங்க. மொதல்ல பக்க எண் வரிசையா ஓட்டிப் பாருங்க, விரலால சர்ருனு விட்டா போதும், ஃபாரம் மாறியிருந்தா தெரிஞ்சிடும். அப்புறம் ஏதாவது ஒரு பக்கத்துல "கரலம்" இருக்கானு பாருங்க, இருந்தா வச்சிட்டு வந்துடுங்க. எழுத்து சைஸும் முக்கியம், என் பதிப்புல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, பேப்பர் மெலிசு, பின்பக்க எழுத்து முன்னாடி தெரியுது. பெயர் அட்டவணை சுத்தமா இல்ல. இவ்ளோ பேர் வர்ற புத்தகத்துக்கு அட்டவணை இல்லாம போட்டா, கதிரைவேலர் எங்க எங்க வர்றார்னு தேட நான் என் விரலத்தான் நம்பணும். கடைசிக் காலத்துல கண் பார்வை மங்கி, அப்பவும் சொல்லச் சொல்ல எழுதவச்சு புத்தகம் போட்ட மனுஷனோட நூலுக்கு, நல்ல கண்ணு இருக்கற ஒருத்தர உக்கார வச்சு ஒரு தடவ படிக்க வச்சிருக்கலாம். நான் வேணா பாத்துக் குடுக்கறேன், காசு கூட வேணாம், டீ வாங்கிக் குடுங்க.

பத்து நாள் முன்னாடி ஒரு கூரியர் வந்துது, நான் எதுவும் ஆர்டர் போடல. பிரிச்சுப் பாத்தா ஜெராக்ஸ். கடைத் தம்பி எங்கயோ ஒரு பழைய பிரதி தேடிப் பிடிச்சு அந்த பகுதிய மட்டும் எடுத்து ஸ்டேப்ளர் அடிச்சு அனுப்பியிருக்கான், மேல பேனாவால "சார் 161 - 176, பக்க நம்பர் மாறியிருக்கும் மேட்டர் சரியா இருக்கும்"னு எழுதி. காசு அனுப்பறேன்னா "பரவால்ல சார், நானும் அப்படியே படிச்சிட்டேன்"ங்கறான். ரெண்டாவது தடவ வந்த 145-லேர்ந்து 160 வரைக்கும் பிளேடு போட்டு கிழிச்சிட்டு அந்த இடத்துல ஜெராக்ஸ ஒட்டிட்டேன். தாள் புத்தகத்த விட கொஞ்சம் பெருசு, ஓரத்துல ஒரு விரல் அளவுக்கு வெளிய நீட்டிட்டு நிக்குது. வெட்டல, அப்படியே விட்டுட்டேன்.